குருவிக்குப் பால் ஊட்டுற கதையை என்ன பண்றது?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டதை முதல்ல சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஆறு வயசுப் பொண்ணு, ராத்திரி படுக்கப் போறப்ப மிருகக் கதைதான் வேணும்ங்கிறா. அதுல ஒரு கதையில ஒரு பையன் கீழ விழுந்து கிடந்த குருவிக்குஞ்சைத் தூக்கிட்டு வந்து, ரொட்டியைப் பால்ல ஊறவெச்சு ஊட்டி வளர்க்குறான், குருவி அவன் தோள்லயே உக்காந்துக்குது, கதை முடிஞ்சுது. மறுநாளே உங்க பொண்ணு ஒரு ஷூ டப்பாவோட மரத்தடியில குருவி தேடக் கிளம்பிட்டா. இந்த மாதிரி கதைங்க வனவிலங்கு பாதுகாப்பைப் பத்தி நிஜமா எதையாவது கத்துக்குடுக்குதா, எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்கென்னவோ நீங்க புத்தக லிஸ்ட் கேக்கலைன்னு தோணுது. நல்ல மனசோட அவ ஒரு உயிரைக் கொன்னுடுவாளோங்கிறதுதான் உங்க பயம். நியாயமான பயம்தான், அப்படிச் செத்த குஞ்சுங்களை நான் எண்ணிக்கை இல்லாம பார்த்திருக்கேன்.

நான் கால்நடை டாக்டர், வேலை பார்த்ததுல பெரும்பகுதி காட்டு மிருகங்களுக்கான மீட்பு மையத்துல. மிருகத்தைப் பத்தி சொல்றதை தைரியமா சொல்லுவேன். குழந்தைங்க மனசு எப்படி வேலை செய்யுதுங்கிறது என் படிப்பு இல்ல, அதை ஆராய்ச்சி கட்டுரைகளைப் படிச்சும் மையத்துக்கு வர்ற பிள்ளைங்களைப் பார்த்தும் சொல்றேன், அந்த அளவுக்கு எடுத்துக்கங்க.

முதல்ல அந்த ஷூ டப்பா. ஒரு தடவை எட்டு ஒம்பது வயசுப் பையன் ஒருத்தன் அப்பாவைக் கூட்டிட்டு ஒரு டப்பாவோட வந்தான். மூடியில பென்சிலால அழகா ஓட்டை போட்டிருந்தான், உள்ள அவனோட பழைய பனியனை மடிச்சு மெத்தை மாதிரி வெச்சிருந்தான். குஞ்சோட அலகைச் சுத்தி பால் காய்ஞ்சு வெள்ளையா பொருக்கு தட்டியிருந்துச்சு, மூச்சு விடுறப்ப ஒவ்வொரு தடவையும் வால் மேலயும் கீழயும் ஆடுச்சு, லேசா ஒரு கொறகொற சத்தம். டப்பாவைத் திறந்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பறவைக்கு மூச்சுக்குழலோட வாய் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு, அலகைத் திறந்து பாலோ தண்ணியோ ஊத்துனா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். அது போக பால் பறவைக்கு சாப்பாடே கிடையாது, அதை ஜீரணிக்குற வசதி அந்த உடம்புல இல்ல. அந்தப் பையன் செஞ்சது அத்தனையும் கதையில வர்ற மாதிரியே இருந்துச்சு, பென்சில் ஓட்டை மட்டும்தான் குருவிக்கு உதவுன விஷயம். அவன்கிட்ட அதைச் சொல்லல, இன்னைக்கு வரைக்கும் அது சரியான்னு எனக்குள்ள ஒரு கேள்வி இருக்கு.

இன்னொரு கொடுமை, அந்த வயசுக் குஞ்சுக்கு பெரும்பாலும் உதவியே தேவைப்பட்டிருக்காது. உடம்பு பூரா இறகு முளைச்சு, குட்டை வாலோட தரையில தத்தித் தத்திப் போற குஞ்சு பறக்கப் பழகுற குஞ்சு, விழுந்த குஞ்சு இல்ல. தாயும் தகப்பனும் பக்கத்துலதான் எங்கயாவது இருந்து இரை குடுத்துக்கிட்டே இருக்கும், நாம பக்கத்துல நிக்கிறதாலதான் கீழ இறங்காம கத்திக்கிட்டு இருக்கும். பூனை நாயை உள்ள கட்டிப்போட்டுட்டு நாம தள்ளிப் போறதுதான் அங்க உதவி. இறகே இல்லாம சிவப்பா கிடந்தா அது வேற, கூடு எட்டுற உயரத்துல இருந்தா எடுத்துத் திரும்ப வெச்சிடலாம். மனுஷ வாடை பட்டா தாய் சேர்த்துக்காதுன்னு நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுல சொல்லியிருக்காங்க, அது உண்மை இல்ல, நாம தொட்ட வாடைக்காக பறவைங்க குஞ்சைக் கைவிடுறதில்ல. நிஜமாவே அடிபட்டு ரத்தமோ தொங்குற றெக்கையோ இருந்தா, காத்து போற டப்பா, இருட்டு, சத்தமில்லாத இடம், கொஞ்சம் கதகதப்பு, சாப்பாடும் தண்ணியும் குடுக்காம விஷயம் தெரிஞ்சவங்களுக்கு போன். அவ்வளவுதான். இதை வெச்சு ஒரு கதை எழுதுங்கன்னா எழுதுறவங்க பாவம் தலையில கை வெச்சுப்பாங்க, ஏன்னா ஹீரோ ஒண்ணுமே பண்ணாம தள்ளி நிக்கிற கதை எப்படி ஓடும்?

சிக்கல் அங்கதான் இருக்கு. கதைக்கு யாராவது எதையாவது செய்யணும், காட்டு மிருகத்துக்கோ பாதி நேரம் யாரும் ஒண்ணும் செய்யாம இருக்கணும். மான்குட்டியை எடுத்துக்கங்க, தாய் அதைப் புல்லுக்குள்ள படுக்க வெச்சுட்டு மணிக்கணக்கா மேயப் போயிடும், குட்டிக்கு வாடை ரொம்பக் கம்மி, அசையாம கிடக்கும், அதுதான் அதுக்குப் பாதுகாப்பு. அதைப் பார்க்குறவங்களுக்கு "அய்யோ, அனாதை". தூக்கிட்டு வந்துடுறாங்க. ஆண் குட்டியா இருந்து கையிலயே வளர்ந்துடுச்சுன்னா ரெண்டு மூணு வருஷத்துல கொம்போட மனுஷனைத் தன்னோட போட்டி ஆணா நினைச்சு முட்ட வரும், அப்ப அதைக் காட்டுலயும் விட முடியாது வீட்டுலயும் வெச்சுக்க முடியாது.

நம்ம கிட்டயே இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. மயிலுக்குப் போர்வை குடுத்த பேகன். மயில் குளிர்ல நடுங்குதுன்னு நினைச்சு போர்த்திவிட்டான்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சோம். மயில் தோகையை விரிச்சு சிலிர்க்குறது பெண் மயிலுக்காக ஆடுற ஆட்டம், குளிருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா பரணரோட புறநானூற்றுப் பாட்டைப் போய்ப் பார்த்தா, மயில் அதை உடுத்தாது போர்த்தாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தான்னு வருது, அடுத்த பாட்டுலயே இதுக்கு "கொடைமடம்"னு பேரும் வெச்சிருக்கார், யோசிக்காம அள்ளிக் குடுக்குறதுன்னு அர்த்தம். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். மீட்பு மையத்துல நாங்க தினமும் பார்க்குறது அதைத்தான், என்ன ஒண்ணு, பேகன் போர்த்துன மயில் போர்வையை உதறிட்டுப் போயிருக்கும், எங்ககிட்ட வர்றதுங்களால உதற முடியாது. இந்தக் காலத்து உதாரணம் வேணும்னா ஸ்லோ லோரிஸ்ங்கிற தென்கிழக்கு ஆசியத் தேவாங்கு வகையோட வீடியோ. கூச்சம் காட்டுனா ரெண்டு கையையும் தூக்கி "இன்னும் இன்னும்"னு கேக்குற மாதிரி இருக்கும், லட்சக்கணக்கான பேர் பார்த்து ரசிச்சாங்க. அந்த இனத்துக்கு முழங்கை பக்கத்துல ஒரு சுரப்பி இருக்கு, அதுல வர்றதை எச்சில்ல கலந்து கடிச்சா விஷம். கையைத் தூக்குறது பயந்துபோய்க் கடிக்கத் தயாராகுறது. வளர்க்கறதுக்குன்னு விக்கிறப்ப பல்லை மயக்க மருந்துகூட இல்லாம வெட்டிடுறாங்க. அழகா இருக்குன்னு நாம சிரிச்சது அதோட பயத்தைப் பார்த்து.

அதனால புத்தகக் கடையில கையில எடுத்த உடனே நான் பண்றது ஒண்ணே ஒண்ணு, கடைசிப் பக்கத்துக்குப் போயிடுவேன். அந்த மிருகம் கடைசியில எங்க இருக்கு? தோள்லயா, கட்டில்லயா, கூண்டுலயா, காட்டுலயா? காட்டுலன்னா, போனது போனதா இருக்கா, இல்ல வாராவாரம் ஜன்னலுக்கு வந்து நன்றி சொல்லிட்டுப் போகுதா? திரும்பி வர்ற மிருகம் கதையில பாசம், எங்க தொழில்ல தோல்வி. மனுஷனைக் கண்டா ஓடாத மிருகம் ரொம்ப நாள் உயிரோட இருக்காது. குஞ்சு பொரிச்சு வந்த உடனே எதைப் பார்க்குதோ அதையே தன் இனம்னு பதிச்சுக்கும்னு கொன்ராட் லோரன்ஸ் வாத்துகளை வெச்சுக் காமிச்சாரு, 1973ல நோபல் பரிசு வாங்குனவர். வட அமெரிக்காவுல ஹூப்பிங் கொக்குன்னு ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு, 1941ல ரெண்டு டஜன்கூட மிச்சம் இல்ல. அதைக் காப்பாத்துனவங்க குஞ்சுகளை வளர்க்குறப்ப உடம்பு பூரா வெள்ளை அங்கி போட்டு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, கையில கொக்குத் தலை பொம்மையை மாட்டி அதால இரை காமிப்பாங்க, பக்கத்துல பேசவே மாட்டாங்க. 2001ல இருந்து ஒரு பதினஞ்சு வருஷம் அதே வேஷத்துல குட்டி விமானத்துல முன்னாடி பறந்து, வலசை போற வழியைக்கூட சொல்லிக்குடுத்தாங்க. கலிஃபோர்னியா காண்டோர் கழுகுக்கும் இதே பொம்மை வித்தைதான், 1987ல கடைசியா மிச்சமிருந்த அத்தனையையும் பிடிச்சு வந்து வெறும் 27 பறவையை வெச்சு ஆரம்பிச்சாங்க. இதைப் பிள்ளைங்ககிட்ட சொல்லிப் பாருங்க, பேய்க்கதை கேக்குற மாதிரி கண்ணை விரிச்சுக்கிட்டு கேக்குங்க. "அது என்னை மறந்துடணும்னுதான் நான் முகமூடி போட்டுக்கிறேன்"ங்கிறது ஆறு வயசுக்கு நல்லாவே புரியும், நான் சொல்லிப் பார்த்திருக்கேன்.

கடைசிப் பக்க சோதனையில நிஜக்கதைகளும் மாட்டும். அமெரிக்காவுல காட்டுத்தீ பிரசாரத்துக்கு 1944ல ஸ்மோக்கின்னு ஒரு கரடியை வரைஞ்சாங்க. 1950ல நியூ மெக்சிகோவுல எரிஞ்ச காட்டுல பாதம் வெந்துபோய் மரத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்த நிஜக் கரடிக்குட்டி ஒண்ணு கிடைச்சுது, அதுக்கும் அதே பேரு. வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டு போனாங்க, 1976ல சாகுற வரைக்கும் அங்கயேதான், குழந்தைங்க எழுதுன கடுதாசி தாங்காம அதுக்குன்னு தனியா பின்கோடே குடுத்தாங்க. மீட்புக் கதையா இதைவிட வெற்றி எதுவும் இல்ல. ஆனா கரடி காட்டுக்குத் திரும்பவே இல்ல. அதைவிட, தீ வந்தாலே கெட்டதுங்கிற பாடம் மூணு தலைமுறை மனசுல ஊறிப்போச்சு. நிறைய காடுகளுக்கு அப்பப்ப தரையோட தவழ்ந்து போற சின்னத் தீ தேவை, சில பைன் மரத்தோட காய் சூட்டுலதான் வெடிச்சு விதையைக் கொட்டும், தீயே விடாம அணைச்சுக்கிட்டே வந்தா சருகும் கட்டையும் சேர்ந்து ஒருநாள் பெருந்தீயா எரியும். பழியைக் கரடி மேல மட்டும் போடுறது சரியில்ல, தீயை உடனே அணைக்குற கொள்கை அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. ஆனாலும் 2001ல அந்தப் பிரசார வாசகத்துல "காட்டுத் தீ"ங்கிற வார்த்தையை எடுத்துட்டு "கட்டுக்கடங்காத தீ"ங்கிற அர்த்தத்துல மாத்துனாங்க. குழந்தைக்குச் சொல்ற வரிதானேன்னு விட்டுட முடியாது பாருங்க.

மிருகம் சட்டை போட்டுக்கிட்டு பேசுற கதைங்க கெடுதலான்னும் கேட்டிருந்தீங்க. இது பக்கம் எனக்குப் பாதி நம்பிக்கைதான். 2014ல டொரன்டோவுல ஒரு ஆராய்ச்சிக் குழு, பிள்ளைங்களுக்கு அதுவரைக்கும் தெரியாத மிருகங்களைப் பத்தி ரெண்டு விதமா புத்தகம் படிச்சுக் காமிச்சாங்க, பேசுற மிருகக் கதை கேட்ட பிள்ளைங்க நிஜ மிருகமும் அப்படித்தான் பேசும் நினைக்கும்னு சொல்றது ஜாஸ்தியா இருந்துச்சு, தகவலும் கம்மியாத்தான் மனசுல நின்னுச்சு. வேற ஆராய்ச்சிகள்ல அந்த அளவுக்குப் பாதிப்பு தெரியல. ஒரே ஒரு தடவை படிச்சுக் காமிச்சுட்டு உடனே கேள்வி கேக்குறதுக்கும், வீட்டுல ஒரே கதையை நாப்பது தடவை கேக்குறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, அதனால நான் இதை வெச்சு எந்தப் புத்தகத்தையும் தூக்கிப் போட மாட்டேன். நரி திராட்சையைப் பார்த்து புளிக்கும்னு சொல்ற கதை நரியைப் பத்தினதே இல்ல, அது மனுஷனைப் பத்தினது, பிள்ளைங்களுக்கும் அது தெரியும். எனக்கு உறுத்துறது பாதிப் பாதியா இருக்குற கதைங்கதான், காயம், கட்டு, மருந்து எல்லாம் நிஜம் மாதிரி காமிச்சுட்டு, மிருகம் மட்டும் பொம்மை மாதிரி நடந்துக்கும். பிள்ளை எது நிஜம் எது கதைன்னு எங்க பிரிக்கும்?

கதை பார்த்துட்டு ஜனங்க அந்த மிருகத்தையே வாங்க ஓடுறாங்கன்னும் அடிக்கடி சொல்லுவாங்க. இங்க கொஞ்சம் நிதானமா இருக்கணும். ஹாரி பாட்டர்ங்கிற மந்திரப் பள்ளிக்கூட கதைங்க வந்தப்புறம் இந்தோனேசிய பறவைச் சந்தைகள்ல ஆந்தை விற்பனை கூடுனதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க, அந்தக் கதையோட பேரைச் சொல்லியே அங்க விக்கிறாங்க. அதே கதைக்கு பிரிட்டன்ல தேடுனப்ப அப்படி ஒரு தாக்கத்துக்கு ஆதாரம் கிடைக்கல. மீன் கார்ட்டூன் படங்களுக்கும் இதே மாதிரிதான், பேப்பர்ல வந்த அளவுக்குக் கணக்குல தெரியல. ஆக, ஆந்தைக் கதை படிச்சதும் உங்க பொண்ணு ஆந்தை கேப்பாளோன்னு தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

அடுத்தது மீட்பு வேற, பாதுகாப்பு வேறங்கிற விஷயம், பெரியவங்களுக்கே குழம்பும். இதுக்கு நான் எப்பவும் சொல்ற நிஜக்கதை 2000 ஜூன்ல நடந்தது. தென்னாப்பிரிக்கா கேப்டவுன் பக்கத்துல ட்ரெஷர்னு ஒரு சரக்குக் கப்பல் முழுகி எண்ணெய் கொட்டிடுச்சு, ஆப்பிரிக்கப் பென்குயின் முட்டையிடுற தீவுகளைச் சுத்தி. எண்ணெய் பட்டது கிட்டத்தட்ட 19,000 பறவை. எண்ணெய் பட்ட இறகுல தண்ணி உள்ள இறங்கிடும், குளிர்ல விறைக்கும், சுத்தம் பண்ணிக்கிறேன்னு அலகால கோதுறப்ப எண்ணெயை முழுங்கும். வந்த உடனே குளிப்பாட்டவும் கூடாது, முதல்ல திரவம் ஏத்தி, சூடு குடுத்து, கொஞ்சம் தெம்பு வந்தப்புறம்தான் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி. ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் தேய்க்கணும், கண்ணைச் சுத்தி பல்தேய்க்குற பிரஷ் வெச்சு. அலசுறதுதான் ரொம்ப முக்கியம், துளி சோப்பு மிச்சமிருந்தாலும் இறகுல தண்ணி ஒட்டும். சரியா அலசியாச்சுன்னா கடைசியில தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், இறகுக்கு அடியில இருக்குற தூவி உலர்ந்தே இருக்கும், அதைப் பார்க்குற சந்தோஷம் எனக்கு இன்னும் அலுக்கல. அங்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்ங்க இதைச் செஞ்சாங்க.

இதுல பிள்ளைங்களுக்குப் பிடிச்ச இடம் வேற. எண்ணெய் படாத இன்னொரு 19,500 பென்குயினை என்ன பண்றது? லாரியில ஏத்தி ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தள்ளி கிழக்கே கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டாங்க. அதுங்க வீட்டைப் பார்த்து நீந்தியே திரும்பி வரும், வர்றதுக்குள்ள கடலைச் சுத்தம் பண்ணிடலாம்னு கணக்கு. பீட்டர், பமேலா, பெர்சின்னு மூணு பென்குயின் முதுகுல டிரான்ஸ்மிட்டர் மாட்டி, நாடே உக்காந்து அது எங்க வந்திருக்கு எங்க வந்திருக்குன்னு பார்த்துச்சு. எண்ணெய் பட்டதுலயும் பெரும்பாலானது பிழைச்சுது. இதைவிட நல்ல முடிவு கதையில எழுதுனாலே நம்ப மாட்டாங்க. ஆனா அதே ஆப்பிரிக்கப் பென்குயினை 2024ல ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அழிவோட விளிம்புல இருக்குற இனம்னு பட்டியல்ல இறக்கிடுச்சு, ஜோடி 10,000க்கும் கீழ வந்துடுச்சு. காரணம் எண்ணெய் இல்ல, சாப்பாடு கிடைக்காததுதான், மத்தியும் நெத்திலியும் குறைஞ்சுபோச்சு. மீன்பிடிப்பும் கடல் மாறிக்கிட்டே போறதும் சேர்ந்து. கழுவித் துடைச்சுக் கடல்ல விட்டா அங்க தின்ன ஒண்ணும் இல்ல. ஒவ்வொண்ணா தூக்குறது மீட்பு, மீன் இருக்கும்படி பாத்துக்குறது பாதுகாப்பு. முதலாவது கதையாகுறது சுலபம், ரெண்டாவதை யாரும் சரியா எழுதுனதா நான் பார்க்கல, யாராவது எழுதணும்.

கெட்டவன் யாருங்கிறதுலயும் இதே கோளாறு. கதைகள்ல துப்பாக்கியோட மீசைக்கார வேட்டைக்காரன் வருவான். மையத்துக்கு வர்ற பறவைங்களை அடிச்சது பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி, வண்டி, வீட்டுப் பூனை. கண்ணாடியில மோதிச் சாகுற பறவை அமெரிக்காவுல மட்டும் வருஷத்துக்கு 36.5 கோடியில இருந்து 98.8 கோடி வரைக்கும்னு 2014ல ஒரு கணக்குப் போட்டாங்க. ரொம்ப அகலமான கணக்குதான், கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கிட்டாலே தலை சுத்துது. இதுல உங்க பொண்ணு இன்னைக்கே செய்யக்கூடியது இருக்கு. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் சின்னச் சின்னப் புள்ளி ஸ்டிக்கர், ரெண்டு புள்ளிக்கு நடுவுல 5 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இல்லாம, கண்ணாடி பூரா. பெரிய கழுகுப் படம் ஒண்ணு ஒட்டுனா பத்தாது, அதுக்குப் பக்கத்துல இருக்குற வெறும் கண்ணாடியில போய் மோதும். ஷூ டப்பா தூக்கிட்டு அலையுற கைக்கு இதுல ஒரு சாயங்காலம் பூரா வேலை இருக்கு.

சாவு வர்ற கதை வேண்டாமான்னா, என் அபிப்பிராயம் வரட்டும்னுதான். நாலாங்கிளாஸுக்கு முன்னாடி சோகம் வேண்டாம்னு டேவிட் சோபெல்ங்கிற கல்வியாளர் 1990கள்லயே சொன்னாரு, நிறைய ஆசிரியர்ங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. உலகமே அழியுதுன்னு ஆறு வயசு தலையில ஏத்துறதைத்தான் அவர் வேண்டாம்னாருன்னு நான் எடுத்துக்கிறேன், அதுல எனக்கும் சம்மதம். ஆனா ஒரு குஞ்சு செத்துபோச்சுங்கிறது வேற. எங்க கைக்கு வர்றதுல எல்லாம் பிழைக்கிறதில்ல, பிழைக்குற மாதிரியே எழுதுனா நிஜத்துல முதல் குஞ்சு செத்தப்ப பிள்ளை "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்"னு நினைச்சுக்கும். அந்தப் பையன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லாம விட்டதுல எனக்கு இருக்குற உறுத்தலும் அதுதான்.

வீட்டுல இருக்குற அந்தக் குருவிப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீங்க. பாதியில நிறுத்தி "இவன் பால் குடுக்குறானே, குருவிக்கு அது சரியா வருமா?"ன்னு கேளுங்க, கடைசிப் பக்கத்தை அவளையே வேற மாதிரி வரையச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு பெரியவங்க எழுதுனதைத் தப்புன்னு கண்டுபிடிக்குறதுல இருக்குற குஷி தனி.

ஒண்ணு விட்டுட்டேன். இது எந்தக் கதையிலயும் வராது. வவ்வாலோ வேற எந்தப் பாலூட்டியோ கீழ கிடந்தா கையால தொடவே கூடாதுன்னு தனியா சொல்லி வைங்க, ரேபிஸ் விஷயத்துல பாசம் உதவாது. கடியோ கீறலோ பட்டுட்டா ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட. பிள்ளைங்க இதை மறைக்குறது திட்டு விழும்னு பயந்துதான், அதனால "திட்ட மாட்டேன், வந்து சொல்லு"ன்னு இன்னைக்கு ராத்திரி கதைக்கு முன்னாடியே சொல்லிடுங்க.